கொங்கு வீட்டில் முதல் கேமிங் கம்ப்யூட்டர்: பாகம் வாங்குவது முதல் கேம் ஓடும் வரை

கடையில் ரெடிமேடாக நிற்கும் கேமிங் கம்ப்யூட்டரில் வண்ண ஃபேன்கள் சுற்றும், கிராபிக்ஸ் கார்டின் பெயர் பெரிதாக ஒட்டியிருக்கும். எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்டை மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி) எந்தக் கம்பெனி என்று கேட்டால்தான் பதில் இழுக்கும். அந்த விலைக்குள் லாபம் மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் முதலில் அடிவாங்கும் இடமும் அதுதான்.

திருப்பூர், பல்லடம், சோமனூர் என்றால் பஞ்சுத் தூசி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, தாராபுரம் வரை புழுதியை அள்ளிக்கொண்டு போகிறது. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே அனல். தோட்டத்துச் சாளையில் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும்போது லைட் ஒரு கணம் மங்கும். ஆகவே இந்த வழிகாட்டி கிராபிக்ஸ் கார்டில் தொடங்காமல் கரண்ட்டில் தொடங்குகிறது. நாமே பாகம் பாகமாகக் கோர்ப்பதில் பெரிய நன்மை, கரண்ட்டுக்கும் காற்றுக்கும் போக வேண்டிய பணம் அங்கே போகிறதா என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான். நாமே கோர்த்ததை நாமே பிரித்துத் துடைக்கவும் முடியும்.

முதலில் ப்ளக் பாயிண்ட்

பாகங்களுக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் இடத்தில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகள் பலவற்றில் மேல் ஓட்டைக்கு ஒயரே போயிருக்காது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பழக்கமில்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம்.

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிப்பதைப் பலர் அனுபவித்திருப்பீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உலோக உடம்புக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் மெயின் வோல்ட்டேஜில் ஏறக்குறையப் பாதி, மிகக் குறைந்த கரண்ட்டுடன், கேபினெட்டிலேயே நிற்கும். ஆளைக் கொல்லாது என்றாலும் அதை அலட்சியம் செய்யக்கூடாது. வேறு பழுது வந்து உண்மையான ஷார்ட் ஆகும் நாளில் காப்பாற்ற வேண்டியதே அந்த எர்த்துதான். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துபோயிருந்தால் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள்.

சாதாரண கேமிங் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடும்போதும் 300, 400 வாட்தான் இழுக்கும். அது 2 ஆம்பியருக்கும் குறைவு என்பதால் 6 ஆம்பியர் சாக்கெட்டே போதும். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியையோ கிரைண்டரையோ மாட்டாமல் இருந்தால் சரி.

எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும்

கேபினெட்டோடு சேர்த்தே வரும் எஸ்எம்பிஎஸ்ஸை அன்றே கழற்றி ஓரமாக வையுங்கள். அதன் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்பி கிராபிக்ஸ் கார்டை மாட்டக்கூடாது. தனியாக 550 அல்லது 650 வாட், நல்ல கம்பெனி, ஐந்து வருட வாரண்டி, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ளதாக வாங்குங்கள். 80 ப்ளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரை, இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட்கள் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லாது. முத்திரையோடு வாரண்டிக் காலத்தையும் பாருங்கள். கம்பெனிக்கே தன் பொருள் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரியும்.

அட்டையில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். ஆனால் நொடிக்கும் குறைவாக கரண்ட் முழுதாகப் போய்வருவதை அதனால் தாங்க முடியாது. நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் தாங்கும் நேரம் சுமார் 16 மில்லிசெகண்ட்தான். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் அதன் விளைவு நன்றாகத் தெரியும். அதனால் யூபிஎஸ் வேண்டும்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். விஏவைப் பார்த்து ஏமாற வேண்டாம், வாட்டைப் பாருங்கள். கேம் ஓடும் நடுவில் கரண்ட் போனால் அது திணறி நின்றுவிடலாம். 1000 அல்லது 1100 விஏ எடுத்தால் 600 வாட் பக்கம் கிடைக்கும். அதை வைத்து மணிக்கணக்கில் விளையாட முடியாது. சேவ் செய்து அணைப்பதற்கான சில நிமிடங்களுக்குத்தான் அது. வீட்டில் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யூபிஎஸ் மோடில் வைத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம், வேகமாக மாறும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் கம்ப்யூட்டரை மாட்டாதீர்கள்.

மற்ற பாகங்கள்

முதல் கம்ப்யூட்டருக்கு 1080பி திரையே நல்ல இலக்கு. 24 இன்ச், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை திரை படத்தை மாற்றுகிறது என்ற அளவு) அல்லது அதற்கு மேல், ஐபிஎஸ் பேனல். மானிட்டரைத் தவிர்த்த பட்ஜெட்டில் நூற்றுக்கு 40 ரூபாய் வரை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். அதைத் தாண்டினால் வேறெங்கோ குறைத்துவிட்டீர்கள் என்று பொருள், அது எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கக்கூடாது.

பிராசசருக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் தேர்வு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தின் வகை), அதில் ரைசன் 5 7600. 2022இல் வந்த இந்த சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பிற்பாடு மதர்போர்டை மாற்றாமலே பிராசசரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. 7600 பெட்டியிலேயே ஒரு கூலர் வரும். உள்ளேயே சின்ன கிராபிக்ஸும் உண்டு, கார்டு பழுதானாலும் திரையில் படம் வரும். பட்ஜெட் இடித்தால் ஏஎம்4இல் ரைசன் 5 5600, அல்லது இன்டெல் கோர் ஐ5 12400எஃப். இவை இரண்டிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ராம் வாங்கும்போது கவனம் வேண்டும். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டுமே உட்காரும், ஏஎம்4இல் டிடிஆர்4 மட்டுமே. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு வகையிலும் வருகின்றன, போர்டின் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருப்பதால், மூன்று மாதத்துக்கு முன் யாரோ போட்ட பட்ஜெட்டை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். 16 ஜிபியில் தொடங்கலாம். 8 ஜிபி இரண்டாக வாங்கினால் இரண்டு சேனலும் வேலை செய்யும், கேமில் வித்தியாசம் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டில் 1080பிக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 போதும். அதில் 8 ஜிபி மெமரி, 145 வாட். நாலைந்து வருடம் மாற்றாமல் ஓட்ட நினைப்பவர்கள் 16 ஜிபி உள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியைப் பாருங்கள். புதிய கேம்கள் உயர் டெக்ஸ்சரில் 8 ஜிபியைத் தாண்டத் தொடங்கிவிட்டன. ஸ்டோரேஜுக்கு 1 டிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி, 2280 அளவு (22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்).

கேபினெட்டை அழகு பார்த்து வாங்குவதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் ஈரோட்டு வெயிலில் வேண்டாம். அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் உள்ளே பாகங்களின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். தண்ணீர் கூலர் போட்டாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. முன்பக்கம் வலைக்கண்ணாக இருக்க வேண்டும், அதன் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே இழுப்பது வெளியே தள்ளுவதைவிட அதிகமாக இருந்தால் காற்று ஃபில்டர் வழியாகவே நுழையும், சந்துபொந்துகளில் தூசி ஏறாது.

எங்கே வாங்குவது

கோவை காந்திபுரம் சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைய. ஈரோட்டிலும் சேலத்திலும் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் அல்லது ஆன்லைனில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம். எல்லாப் பாகத்துக்கும் மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஆனால் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் பக்கத்து ஊரில் வாங்குவதே நல்லது என்பேன். பழுதானால் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம். பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்: "ஏனுங்ணா, வாரண்டின்னா கோயமுத்தூர்லயே பார்த்துக்கலாமுங்களா, இல்லீனா சென்னைக்கு அனுப்போணுமுங்களா?" பாகங்களின் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் என்று சொல்லும் பேச்சுக்கு இணங்கினால் வாரண்டியையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள். எல்லாம் ஒரே வாரத்தில் கையில் வரும்படி பாருங்கள். முதலில் வாங்கிய பாகம் பழுதா என்று தெரிவதற்குள் மாற்றித் தரும் நாள் முடிந்துவிடக்கூடாது.

கோர்க்கும் நாள்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லாத நாளாகப் பாருங்கள். ஒரு மேசை, ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் (நுனியில் காந்தம் இருந்தால் வசதி), ஸ்க்ரூ போட்டுவைக்க ஒரு கிண்ணம். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பாலியஸ்டர் உடுப்பைத் தவிர்த்துப் பருத்தி பனியன் போட்டுக்கொள்ளுங்கள், தை, மாசியின் வறண்ட காற்றில் ஸ்டாட்டிக் அதிகம். எஸ்எம்பிஎஸ்ஸைச் சுவிட்ச் அணைத்த ப்ளக்கில் மாட்டி வைத்து, அதன் உலோக உடம்பை அவ்வப்போது தொட்டால் உடம்பில் தேங்கியது இறங்கிவிடும்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து முதல் நான்கு வேலைகளை முடியுங்கள்.

பிராசசர்: சாக்கெட்டின் லீவரைத் தூக்கித் திறங்கள். பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே குறி இருக்கும். இரண்டையும் பொருத்தி மேலிருந்து நேராக இறக்கி விடுங்கள். அழுத்தவே கூடாது, தன் எடையில் உட்கார வேண்டும். ஏஎம்5இல் மெல்லிய பின்கள் போர்டில் இருக்கின்றன, ஏஎம்4இல் பிராசசரின் அடியில். எங்கே இருந்தாலும் விரல் படக்கூடாது. ஏஎம்5இல் லீவரை மூடும்போது கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், கிறீச்சென்ற சத்தமும் வரலாம். பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும், அதைத் தூக்கி எறியாதீர்கள்.

ராம்: நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். நடுவில் உள்ள வெட்டு ஒரு பக்கம் தள்ளியிருக்கும், அதைப் பார்த்துப் பொருத்தி இரு முனையிலும் கட்டை விரலால் அழுத்தினால் டக்கென்று பூட்டும்.

எஸ்எஸ்டி: பிராசசருக்கு அருகிலுள்ள எம்.2 ஸ்லாட்டில் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, முனையில் ஸ்க்ரூ. மேலே ஹீட் சிங்க் இருந்தால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். அப்படியே விட்டால் ஹீட் சிங்க் சூட்டை இழுக்காது.

கூலர்: 7600உடன் வரும் கூலருக்கு, சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். ஏஎம்4இல் அப்போது பின்தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏஎம்5இல் விழாது. கூலர் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவியே வரும். தனியாக வாங்கிய கூலர் என்றால் பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இடத்தில் மாட்டுங்கள்.

இனி கேபினெட். போர்டோடு வந்த ஐஓ தகடு (பின்பக்கச் செருகிகளைச் சுற்றி வருவது) தனியாக இருந்தால் அதை முதலில் பின்பக்க ஓட்டையில் உள்ளிருந்து அழுத்திப் பொருத்துங்கள். போர்டைத் தாங்கும் பித்தளை நிற ஸ்டாண்ட்ஆஃப்கள் உங்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டையில்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். போர்டை இறக்கி எல்லா ஸ்க்ரூவையும் லேசாகப் பிடிக்கவைத்துவிட்டுக் கடைசியில் முடுக்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் கீழ்நோக்கி, கேபினெட் அடியில் ஃபில்டர் இருந்தால். 24 பின் ஒயர் போர்டின் ஓரத்தில் போகும். பிராசசருக்கான 8 பின், நான்கு நான்காகப் பிரியும் ஒயர், மேல் இடது மூலைக்குப் போகும். கிராபிக்ஸ் கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் மாற்றிச் செருக முயலாதீர்கள். போகவில்லை என்றால் அந்த இடத்துக்கு அது உரியதல்ல.

முன்பக்க பட்டன், லைட்டுக்கான சின்னச் சின்ன ஒயர்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். மதர்போர்டு கையேட்டில் படம் இருக்கும், அதைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பவர் பட்டனுக்கு ப்ளஸ், மைனஸ் பார்க்க வேண்டாம், எல்ஈடிக்குப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 3 செருகியின் பின்கள் எளிதில் வளையும், நேராக இறக்குங்கள்.

கடைசியாக கிராபிக்ஸ் கார்டு: மேலே உள்ள நீள ஸ்லாட், பூட்டுச் சத்தம் கேட்கும் வரை, பின்னால் இரண்டு ஸ்க்ரூ. பவர் ஒயரை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாகச் செருகுங்கள். காலியாக உள்ள மற்ற ஸ்லாட் தகடுகளைத் திறந்து விடாதீர்கள், பல்லியும் எறும்பும் உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் ஷார்ட் ஆவது நம் வீடுகளில் சாதாரணம்.

முதல் முறை ஆன் செய்யும்போது

மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள், மதர்போர்டில் அல்ல. பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை ராமைச் சோதித்துப் பழகச் சில நிமிடங்கள் எடுக்கும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள். கால் மணி நேரமாகியும் படம் வரவில்லையென்றால் போர்டில் எரியும் சின்ன எல்ஈடியைப் பாருங்கள், சிக்கல் பிராசசரிலா, ராமிலா, கிராபிக்ஸ் கார்டிலா, விண்டோஸைத் தொடங்கும் பூட் கட்டத்திலா என்று பல போர்டுகள் காட்டும். ராம் லைட் எரிந்தால் முழுதாக அணைத்துவிட்டு ராமைக் கழற்றி மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும்.

பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங் திரை) போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை, அதாவது ராமை முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த டிடிஆர்5 ராம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயே உள்ள பாதுகாப்பு வசதிகளான டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் ஆனாக இருக்கட்டும், விண்டோஸ் 11க்கும் வாலரண்ட் போன்ற கேம்களுக்கும் தேவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் நேராக 11க்கே போங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தரும் கருவியால் இன்ஸ்டாலரைத் தயார் செய்யலாம். மதர்போர்டின் லேன், வைஃபை டிரைவரையும் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள், நடுவில் நெட் வராமல் நின்றால் அதுதான் உதவும்.

கிராபிக்ஸ் டிரைவர் போட்ட பின் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டை 144க்கு மாற்றுங்கள். பலர் மாதக்கணக்கில் 60இலேயே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். 7600 தாங்கும் எல்லை 95 டிகிரி. மதிய வெயிலில் கேம் ஓடும்போது 80க்குள் இருந்தால் நன்று. கிராபிக்ஸ் கார்டு 80ஐ ஒட்டி நின்றாலும் கவலையில்லை. பிராசசர் ஓடத் தொடங்கிய உடனே 90ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.

பஞ்சும் புழுதியும்

தறியோ பனியன் கம்பெனியோ பக்கத்தில் உள்ள வீட்டில் பஞ்சு ஃபில்டர் மேல் கம்பளி விரித்ததுபோல் படியும். அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். மற்ற இடங்களில் மாதம் ஒருமுறை போதும், ஆடி மாதம் மட்டும் கூடுதல் கவனம். கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு முக்காலி உயரம் ஏற்றினாலே தூசி குறையும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வாசலில் வைத்துச் சின்ன எலக்ட்ரிக் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனையும் விரலால் பிடித்து நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது கட்டுமீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் டயர் கடை கம்ப்ரெசரில் கொண்டுபோய் ஊதுவது எளிதாகத் தோன்றும். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், போர்டு மேல் அது படக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதலாம், திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் தேங்கி நிற்கும்.

பெட்டிகளைப் பரண் மேல் போட்டு வையுங்கள், பில்லைப் போட்டோ எடுத்து மெயிலில் போடுங்கள், தெர்மல் தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். சாக்கெட்டிலிருந்து தெறித்த அந்தப் பிளாஸ்டிக் மூடி மதர்போர்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அதை மாட்டி அனுப்பாவிட்டால், வழியில் பின் வளைந்து, உங்கள் தவறு என்று திருப்பி அனுப்ப இடமாகிவிடும்.